சிறுநீர் பெப்டைட் ஆய்வு: உருக்கியதும் படிவு, தேடலில் சிக்காத பெப்டைட்கள்

கேள்வி:
சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே காட்டும் பெப்டைட்களை (சிறு புரதத் துண்டுகளை) சிறுநீரில் தேடுகிறோம். -80 டிகிரியில் வைத்த சாம்பிளை உருக்கினால் அடியில் வெள்ளையாகப் படிகிறது. 10 கிலோடால்டன் (மூலக்கூறு எடை அளவு) ஃபில்டர் பாதியிலேயே அடைத்துக்கொள்கிறது. எல்சி-எம்எஸ்ஸில் (பெப்டைட்களைப் பிரித்து எடை அளக்கும் கருவி) ஸ்பெக்ட்ரம் ஏராளம். அடையாளம் தெரிவதோ சொற்பம். ட்ரிப்சின் (புரதத்தை வெட்டும் என்சைம்) போட்டுப் பார்க்கலாமா? சிறுநீரின் செறிவு வேறுபாட்டைக் கிரியேட்டினினை (தசையிலிருந்து வரும் கழிவு) வைத்துச் சமன்செய்தால் போதுமா?

பதில் 1:
ட்ரிப்சின் வேண்டவே வேண்டாம். உடலுக்குள் எந்தப் புரோட்டியேஸ் (புரதம் வெட்டும் என்சைம்) எங்கே வெட்டியது என்பதுதான் இந்த ஆய்வின் உயிர். ட்ரிப்சின் அந்த முனைகளோடு தன் வெட்டுகளையும் கலந்துவிடும்.

படிவில் யூரேட், பாஸ்பேட் உப்புகளும் சிறுநீரகம் சுரக்கும் புரதமான யூரோமோடுலினும் இருக்கும். யூரோமோடுலின் உப்பு அதிகமானால் கூழாகத் திரளும், பெப்டைட்களையும் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் உருக்கியவுடன் சென்ட்ரிஃப்யூஜில் போட்டுப் படிவைத் தூக்கி எறியாதீர்கள். செல்களை நீக்கும் சுழற்சியை உறையவைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். உருகியதும் நன்றாகக் கலக்கி, 0.7 மிலி சிறுநீருடன் அதே அளவு கரைசல் (2 மோலார் யூரியா, 10 மில்லிமோலார் அம்மோனியம் ஹைட்ராக்சைடு) சேருங்கள். படிவு பெரும்பாலும் கரையும், ரத்தப் புரதமான ஆல்புமினில் ஒட்டிய பெப்டைட்களும் விடுபடும். கேபிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ் (நுண்குழாயில் மின்புலத்தால் பிரிக்கும் முறை) செய்முறையில் இதோடு 0.02% எஸ்டிஎஸ்ஸும் (சோப்பு போன்ற பொருள்) உண்டு. பெப்டைட்களைப் பிடித்துப் பிரிக்கும் சி18 நிரலுக்குப் போவதாக இருந்தால் அதைத் தவிர்ப்பது நல்லது. யூரியா சேர்த்தபின் சூடாக்காதீர்கள், கார்பமைலேஷன் (யூரியாவின் சிதைவுப் பொருள் பெப்டைடில் ஒட்டுவது) வந்துவிடும்.

ஃபில்டர் 20 கிலோடால்டன், வேகம் 3,000 ஜி. புது ஃபில்டரில் கிளிசரின் பூச்சு இருக்கும், முதலில் தண்ணீர் விட்டுச் சுழற்றிக் கழுவுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் 44 டால்டன் இடைவெளியில் ஏணி போல உச்சிகள் தெரிந்தால் அது பிளாஸ்டிக், சோப்பிலிருந்து வந்த பாலிஎத்திலீன் கிளைகால். சி18-இலிருந்து பழுப்பாக இறங்குவதில் யூரோபிலின் என்ற நிறமி இருக்கும், 591.3-இல் பெரிய உச்சி வரும், அதைப் பெப்டைட் என்று எண்ண வேண்டாம்.

பதில் 2:
அடையாளம் குறைவதற்கு, ஸ்பெக்ட்ரத்தைப் புரதத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் மென்பொருளின் தேடல் அமைப்பே பெரிய காரணமாக இருக்கலாம். என்சைம் "இல்லை" என்று கொடுத்தீர்களா? சிறுநீர்ப் பெப்டைட்களில் பெரும்பங்கு கொல்லாஜன் (இணைப்புத் திசுப் புரதம்) துண்டுகள், அவற்றில் ஹைட்ராக்சிபுரோலின் (ஆக்ஸிஜன் சேர்ந்த புரோலின் அமினோ அமிலம்) நிறைய. புரோலினில் +15.995 மாற்றத்தைச் சேர்த்து, ஒரு பெப்டைடுக்கு அனுமதிக்கும் மாற்றங்களின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். மெத்தியோனைன் ஆக்ஸிஜனேற்றமும் அதே எடைதான். அதில் 64 டால்டன் இழப்பு தெரியும், அதை வைத்துப் பிரித்தறியலாம்.

எம்எஸ்2-வை (பெப்டைடை உடைத்து எடுக்கும் ஸ்பெக்ட்ரம்) துல்லியம் குறைந்த அயன் ட்ராப்பில் எடுக்காதீர்கள். ஹைட்ராக்சிபுரோலின் 113.048, லூசின் 113.084. அந்த 0.036-ஐப் பிரிக்க உயர் துல்லியம் வேண்டும்.

ஓட்டம் சரியா என்று பார்க்க யூரோமோடுலினின் வால்துண்டு ஒன்று கைகொடுக்கும்: SGSVIDQSRVLNLGPITR (ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம்), ஒற்றை மின்னேற்றத்தில் 1912.06. நல்ல சாம்பிளில் இது காணாமல் போனால் தயாரிப்பைச் சந்தேகியுங்கள்.

பதில் 3:
கிரியேட்டினின் ஒரு தொடக்கம், அவ்வளவுதான். அது தசை அளவைப் பொறுத்தது. மெலிந்த முதியவரையும் திடகாத்திரமான இளைஞரையும் அதை வைத்து மட்டும் ஒப்பிட முடியாது. மொத்தப் புரதத்தால் சமன்செய்வது இன்னும் மோசம், ஆல்புமின் கசிபவர்களிடம் கணக்கே தலைகீழாகும். கேபிலரி எலக்ட்ரோஃபோரெசிஸ் முறையில் நோயால் அதிகம் மாறாத 29 கொல்லாஜன் துண்டுகளை உள்ளளவுகோலாக வைக்கிறார்கள்.

நாள்பட்ட சிறுநீரக நோயைக் காட்ட 2010-இல் வந்த 273 பெப்டைட் தொகுப்பான சிகேடி273-இலும் கொல்லாஜன் துண்டுகளே அதிகம். சிறுநீரக நோயில் அவற்றில் பல குறைகின்றன. ஆகவே "கூடியது" என்பதை மட்டும் தேடாதீர்கள்.

ஹீமோகுளோபின் துண்டுகள் தலைதூக்கினால் டிப்ஸ்டிக்கில் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்களின் சாம்பிளில் விந்துப் புரதமான செமினோஜெலின் வரும். நோயாளிகள் பக்கம் ஆண்கள் அதிகமாக இருந்தால் அதுவே "பயோமார்க்கர்" ஆகிவிடும். இரு தரப்பையும் ஒரே பேட்சில் கலந்து ஓட்டுங்கள். எல்லோரிடமும் காலையின் இரண்டாம் சிறுநீரை, நடுத்தாரையாக வாங்குங்கள். இரவு முழுக்கத் தேங்கிய முதல் சிறுநீரில் புரோட்டியேஸ்கள் வேலை செய்ய நேரம் கிடைத்துவிடுகிறது.