முதுகுளத்தூர் பக்கம் ஓர் ஊருக்கு இருபது வருடக் குடிநீர்த் திட்டம்: ஆர்.ஓ.வா, ஊருணியா, காவிரிக் குழாயா?

கேள்வி — குழுச்செயலாளர்

வணக்கம். எங்கள் ஊரில் ஏறக்குறைய 1,200 பேர் இருக்கிறோம். மார்ச் 22 கிராம சபையில் குடிநீருக்கு ஒரு நீண்டகாலத் திட்டத்தைத் தீர்மானமாக வைக்க வேண்டும் என்று மகளிர் குழுவில் முடிவு செய்திருக்கிறோம்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிறது. ஆனால் குழாயின் கடைசியில் இருக்கிறோம், வாரத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிது. போர் போட்டால் உப்பு, மாடுகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஏப்ரல் பிறந்தால் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்க வேண்டும்.

ஊருக்குள் மூன்று கட்சி. இளவட்டங்கள் உப்புத் தண்ணீரைக் குடிநீராக்குகிற ஆர்.ஓ. பிளான்ட் என்கிறார்கள், பெரியவர்கள் ஊருணியை வெட்டு என்கிறார்கள், மிச்சப் பேர் காவிரித் தண்ணீரையே கூட்டிக் கேட்போம் என்கிறார்கள். ஊருணி ஒரு ஏக்கர், கருவேலம் மண்டி ஆறடிகூட ஆழம் இல்லை. கிடைக்கிற பணத்தை எதில் போடுவது?

பதில் — பழைய பம்ப்ஹவுஸ்

தாயி, குடிநீர் வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். மூன்றும் வேண்டும். எது முதலில், எது எதற்கு என்பதில்தான் ஊர்கள் சறுக்குகின்றன.

கணக்கைப் பார்ப்போம். வீட்டுக்கு வீடு குழாய் போடுகிற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். உங்கள் ஊருக்கு 66,000 லிட்டர். வருடம் முழுக்க இதைத் தர ஒரு ஏக்கர் ஊருணியால் ஆகாது, அந்த ஆசை வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்றால் ஆளுக்கு 10 லிட்டர் போதும், ஊருக்கு 12,000 லிட்டர். பிப்ரவரியிலிருந்து செப்டம்பர் வரை எட்டு மாதத்துக்கு 29 லட்சம் லிட்டர். இந்த 29 லட்சம் உங்கள் ஊர் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியூர் வால்வை நம்பி இருக்கக் கூடாது. குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் குழாய்த் தண்ணீரும் கண்மாயும் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது ஊருணி. நம் வெயிலுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் எட்டு மாதத்தில் நாலடி போய்விடும். ஆறடித் தண்ணீர் நின்றால் நாலடி சூரியனுக்கு, இரண்டடி உங்களுக்கு. அதிலும் அடியில் சேறு. அதே ஊருணியில் பத்தடி நின்றால் ஆறடி மிஞ்சும். கரைச் சரிவுக்குக் கழித்தாலும் 50 லட்சம் லிட்டருக்குக் குறையாது. அதனால் அகலப்படுத்தாதீர்கள், ஆழப்படுத்துங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஜே.சி.பி.யை இறக்கவும் கூடாது. நம் பக்கம் மேலே களிமண் இருப்பதால்தான் ஊருணியில் நல்ல தண்ணீர் நிற்கிறது. கீழே இருப்பது உப்பு ஊற்று. களியை உடைத்துவிட்டால் ஊருணி போச்சு. முதலில் நாலு மூலையிலும் துளை போட்டுக் களி எவ்வளவு ஆழம் என்று பாருங்கள். பத்தடிக்கு முன்பே மணல் தெரிந்தால் அதற்கு மூன்றடி மேலேயே நிறுத்திவிட்டுக் கரையை உயர்த்துங்கள். மழைநீர் சேகரிப்பு என்று ஊருணிக்குள் சிமென்ட் உறைகளை இறக்கி நல்ல மழையை உப்புத் தண்ணீரோடு கலக்கிற கூத்தும் நடக்கிறது. சென்னையில் சரிப்படுவது முதுகுளத்தூரில் சரிப்படாது.

மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவருகிற வரத்துக்காலை மறந்துவிடாதீர்கள். புல வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு கால் நெடுக நடந்து பாருங்கள். எங்கே வயலாகியிருக்கிறது, எங்கே ரோடு போட்டவர்கள் குழாய் வைக்காமல் விட்டார்கள் என்று தெரியும். வரத்து இல்லாத ஊருணியை எவ்வளவு வெட்டினாலும் வெறும் பள்ளம்தான்.

பதில் — கரிமூட்டம்

இவ்வளவும் எதற்கு அண்ணே? காவிரி–வைகை–குண்டாறு இணைப்பு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே. 2021 பிப்ரவரியிலேயே அடிக்கல் நாட்டியாயிற்று.

பதில் — பழைய பம்ப்ஹவுஸ்

வரட்டும் தம்பி, வேண்டாம் என்று யார் சொன்னது? மாயனூர் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி மதிப்பீடு. கொண்டுவருவது காவிரியின் வெள்ள உபரியை. உபரி இருக்கிற வருடம் நமக்கும் பெரும்பாலும் மழை இருக்கும்.

2016-ஐ நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் 32 மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். அதே வருடம் டெல்டாவில் சம்பாவும் கருகியது. நம் ஊருணி, காவிரி இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்ட வருடம் அது. இருபது வருடத் திட்டம் என்றால் அப்படி ஒரு வருடத்தை வைத்துத்தான் போட வேண்டும். சராசரி மழை 800 மில்லிமீட்டருக்கு மேல் என்று எழுதிவிட்டுப் போவது திட்டமே அல்ல.

அந்த வருடத்துக்குத்தான் ஆர்.ஓ. நிலத்தடி உப்புத் தண்ணீர் மட்டும்தான் அந்த வருட மழையை நம்பி இல்லை. தினமும் அதையே இழுத்துக் குடிப்பதற்கு இல்லை, பஞ்சத்துக்கு வைத்திருப்பது. சும்மா பூட்டி வைத்தாலும் உள்ளே உப்பைப் பிரிக்கிற சவ்வு கெட்டுப்போகும், வாரம் இரண்டு முறை ஓட்ட வேண்டும்.

பதில் — கடலாடிக்காரி

தங்கச்சி, எங்கள் ஊரில் ஆர்.ஓ. இருக்கிறது, அதனால் சொல்கிறேன். நூறு குடம் இழுத்தால் நாற்பதுதான் நல்ல தண்ணீர். மிச்ச அறுபதும் முன்னைவிட உப்பாக வெளியே வரும். போட்டுக் கொடுத்த கம்பெனி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பக்கத்து வாய்க்காலில் விட்டார்கள், அது போய்க் கண்மாய்க் கடைமடையில் தேங்கியது. நாங்கள் சத்தம் போட்ட பிறகுதான் உப்பளப் பக்கம் குழாய் போட்டார்கள். உங்கள் ஊர் கடலிலிருந்து உள்ளே இருக்கிறது, கழிவை எங்கே விடுவீர்கள்? அதற்குப் பதில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கரண்டு பில்லும் சவ்வு மாற்றுகிற செலவும் யார் தலையில் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, யாரும் வெளிப்படையாகப் பேசமாட்டார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் ஊருணி என்றாலே எந்தத் தெரு இறங்கலாம், எந்தத் தெரு இறங்கக் கூடாது என்று ஒரு வரலாறு உண்டு. எல்லாத் தெருவுக்கும் பொது என்பது தீர்மானத்தின் முதல் வரியில் வரட்டும். யாருமே படியில் இறங்காமல், கரையில் ஊருணித் தண்ணீர் மணல், ஜல்லி வழியாக வடிந்து சேர்கிற வடிகட்டிக் கிணறு எடுத்து அடிபம்பு வைத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும், தண்ணீரும் சுத்தமாக இருக்கும்.

குழுச்செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. ஐயா, வடிகட்டிக் கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? அப்புறம், வெட்டுகிற மண்ணை என்ன செய்வது? இப்போதே இரண்டு பேர் கேட்கிறார்கள்.

பதில் — பழைய பம்ப்ஹவுஸ்

அப்படியே வேண்டாம் தாயி. மணலும் ஜல்லியும் கலங்கலை எடுக்கும், கிருமி முழுக்கப் போகாது. குளோரின் போடுங்கள், அல்லது கொதிக்க வையுங்கள். ஆடு மாடு வராமல் கம்பி வேலி, துவைக்கத் தனி இடம், இரண்டும் மதிப்பீட்டிலேயே வரட்டும், பிறகு பார்க்கலாம் என்றால் வராது. கடலாடிக்காரி சொன்ன முதல் வரியையும் விடாதீர்கள்.

மண்ணில் முதல் பங்கு கரைக்கு. மிஞ்சுகிற வண்டலை விவசாயிகள் வட்டாட்சியர் அனுமதி வாங்கி வயலுக்கு எடுத்துக்கொள்ளலாம். செங்கல் சூளைக்காரர் கேட்டால் கொடுக்காதீர்கள், அவர்கள் வண்டலோடு நிறுத்தாமல் களியையும் தோண்டுவார்கள். கருவேலத்தை வேரோடு எடுத்தால் ஏலப் பணம் கொஞ்சம் வரும், அதை வரத்துக்காலுக்கு ஒதுக்குங்கள். மார்ச்சில் தீர்மானம், ஏப்ரலில் துளை, மே முதல் ஆகஸ்ட் வரை வெட்டு. செப்டம்பருக்குத் தள்ளாதீர்கள், அக்டோபர் மழை பிடித்துவிட்டால் அந்த வருடம் அவ்வளவுதான்.