45% காட்டும்போதே பேட்டரி நின்றுவிடுகிறது: இன்வெர்ட்டரா, செல்லா?

மாடிவெயில்:
5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், 51.2 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி (16 செல்). அடுக்குமாடி மொட்டைமாடியில் 540 வாட் பேனல் 8. ராத்திரி கரண்ட் போனால், 45% இருக்கும்போதே ஏசி ஓடிய சில நிமிடத்தில் மொத்தமும் அணைகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பஸ்பார்:
செல் போச்சு. வாரண்டியில் மாத்திடுங்க.

மில்லிவோல்ட்:
அளக்காம அப்படிச் சொல்லிட முடியாது. அந்த 45% யாரோட கணக்கு? பி.எம்.எஸ்ஸோடு (பேட்டரிக்குள்ள செல்களைக் கண்காணிச்சு, ஆபத்துன்னா வெட்டிவிடும் போர்டு) கேபிள் தொடர்பு இல்லைன்னா இன்வெர்ட்டர் வோல்டேஜைப் பார்த்துக் குத்துமதிப்பா ஒரு எண் போடும். இந்த வகை செல்லில் 20 முதல் 80% வரை வோல்டேஜ் ஏறக்குறைய ஒரே மட்டம்தான்.

ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் மூணு நேரத்தில் வேணும்: லோடு இல்லாம அரைமணி கழிச்சு, 3 கிலோவாட் லோடில், அதாவது சுமார் 60 ஆம்பியரில், சார்ஜ் முடியும் நேரத்தில். இன்வெர்ட்டரில் பேட்டரி வகை என்னன்னு இருக்கு?

மாடிவெயில்:
கேபிள் போடவில்லை. வகை 'லெட் ஆசிட்'. சார்ஜ் 54 வோல்ட்டில் நிற்கிறது. 11-ஆம் செல் மட்டும் தனி: சும்மா இருக்கும்போது 3.18 (மற்றவை 3.29), லோடில் 2.8-இல் தொடங்கி 2.5 வரை இறங்கி கட் ஆகிறது, சார்ஜ் முடிவில் 3.33 (மற்றவை 3.38).

மில்லிவோல்ட்:
விடை இதிலேயே இருக்கு. பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) நட்டு தளர்ந்திருந்தா அந்தச் செல் லோடில் தாழும், சார்ஜில் மத்ததைவிட மேலே ஏறும், சும்மா இருக்கும்போது சமமா இருக்கும். கொள்ளளவு குறைஞ்ச செல்லும் சார்ஜில் முதல்ல நிரம்பிடும். உங்களுடையது மூணு நேரமும் கீழேயே இருக்கு, அதனால அதில் சார்ஜ்தான் பாக்கி.

காரணம் அந்த 54 வோல்ட். 16-ஆல் வகுத்தா 3.375. பல பி.எம்.எஸ் செல்லுக்கு 3.4-க்கு மேலதான் பேலன்சிங் (செல்களைச் சமப்படுத்துறது) தொடங்கும்; உங்களுடையதுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கலை.

இப்போ அமைப்பை மட்டும் மாத்தினா போதாது. இடைவெளி 35 - 40 ஆம்பியர்-ஹவர் இருக்கும். 0.1 ஆம்பியர் பேலன்சிங் அதைச் சரிசெய்ய 350 - 400 மணி நேரம் ஆகும். அந்தச் செல்லுக்கு மட்டும் தனியா ஏத்துங்க: பேக் சார்ஜ் முடிஞ்ச கையோடு இன்வெர்ட்டரையும் பிரேக்கரையும் அணைச்சு, பெஞ்ச் சப்ளையை (வோல்ட், ஆம்பியரை நாமே வைக்கக்கூடிய பவர் சப்ளை) இணைக்கும் முன்னாடியே 3.60 வோல்ட், 10 ஆம்பியரில் வைங்க. பிளஸ் மைனஸ் மாறக்கூடாது. ஸ்பேனருக்கு இன்சுலேஷன் டேப் சுத்துங்க. பஸ்பார் மேல விழுந்தா வெல்டிங்தான். செல் முனையில் அளந்துக்கிட்டே, 1 ஆம்பியருக்குக் கீழே வந்ததும் நிறுத்துங்க. சுமார் 4 மணி நேரம் ஆகும்.

பஸ்பார்:
என் அவசரம், ஒத்துக்கறேன். ஆனா பெட்டி சீல் வச்சதுன்னா திறக்காதீங்க, வாரண்டி போயிடும். விற்றவரையே செய்யச் சொல்லுங்க.

மில்லிவோல்ட்:
சரியான பேச்சு. பிறகு அமைப்பு: சார்ஜ் 56.0, ஃப்ளோட் (நிரம்பின பிறகு தாங்கி நிறுத்தும் வோல்டேஜ்) 54.0, ஈக்வலைசேஷன் (லெட் ஆசிட்டுக்கான கூடுதல் வோல்டேஜ் சார்ஜ்) கட்டாயம் அணைக்கணும். அது 58.4 வரை தள்ளினா செல்லுக்கு 3.65 ஆகி பி.எம்.எஸ் வெட்டிடும். பி.எம்.எஸ்ஸையும் இன்வெர்ட்டரையும் இணைக்கும் கேபிளுக்குச் சாதா நெட்வொர்க் வயரைச் செருகாதீங்க. பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மாடிவெயில்:
செய்தாச்சு. 11 இப்போது மற்றவற்றோடு நிற்கிறது. ஆனால் 56-ஐ நெருங்கும்போது 5-ஆம் செல் 3.60 தொடுகிறது.

மில்லிவோல்ட்:
கொஞ்ச நாளைக்கு சார்ஜை 55.2 வோல்ட், 5 ஆம்பியர்ல வச்சு பேலன்சருக்கு நேரம் கொடுங்க. 5 அடங்கினதும் 56-க்கு ஏத்தலாம். 11 சில வாரத்தில் மறுபடி பின்தங்கினா அதில் சார்ஜ் உள்ளேயே கசியுது. அப்போ பஸ்பார் சொன்ன மாதிரி மாத்த வேண்டியதுதான்.