டிரிம்: ‘கத்தரிப்பு’ சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

எஸ்எஸ்டி (ஃபிளாஷ் நினைவகத்தில் சேமிக்கும் இயக்ககம்) பற்றிய கையேட்டு வரைவில் டிரிம் (TRIM) ஆணைக்குக் ‘கத்தரிப்பு’ என்று இட்டிருக்கிறோம். அதை மாற்றியே ஆகவேண்டும். அந்த ஆணை எதையும் வெட்டுவதில்லை, அழிப்பதும் இல்லை.

ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது பக்கம் பக்கமாக, பெரும்பாலும் 4 முதல் 16 கிலோபைட் வரை. அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கிய முழுத் தொகுதியாகத்தான். நாம் ஒரு கோப்பை நீக்கினால் கோப்பு முறைமை தன் பட்டியலில் மட்டும் குறித்துக்கொள்ளும்; எஸ்எஸ்டிக்கு அது தெரியாது. செத்த தரவையும் உயிருள்ளதாக எண்ணி, தொகுதியைக் காலி செய்யும்போதெல்லாம் வேறிடத்துக்குப் படியெடுத்துக்கொண்டே இருக்கும். எழுதும் வேகம் குறைவதும் தேய்மானம் கூடுவதும் இதனால்தான். ‘இந்தப் பக்கங்கள் இனி எனக்கு வேண்டாம்’ என்று கோப்பு முறைமை சொல்வதே டிரிம்.

கணினி சேமிப்பகத்தோடு பேசும் நெறிமுறைகளில் ஸ்கஸி இதே செயலை அன்மேப் என்கிறது, என்விஎம்இ டீஅலோகேட் என்கிறது, லினக்ஸ் டிஸ்கார்டு என்கிறது. நான்கில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பெயர்க்காமல், செயலுக்கே பெயர் வைப்போம். என் பரிந்துரை: ‘விடுவிப்பு’.

———

> என் பரிந்துரை: ‘விடுவிப்பு’.

காரணம் சரி, சொல்தான் இடிக்கிறது ஐயா. நிரலாளர்கள் ரேம் நினைவகத்தைத் திருப்பித் தருவதற்கு ‘விடுவி’யை ஏற்கெனவே புழங்குகிறார்கள். ‘துறப்பு’ எப்படி? ‘பொறுப்புத் துறப்பு’ எல்லாருக்கும் பழகிய தொடர். உரிமையை விட்டதை அறிவிக்கும் பொருளும் அதிலேயே இருக்கிறது. துறப்பு ஆணை, துறந்த பக்கம், வாராந்தரத் துறப்பு என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

———

‘துறப்பு’க்கே என் ஆதரவு. கையேட்டு வாக்கியங்களில் இட்டுப் பார்த்தேன், நன்றாக நிற்கிறது:

“பழைய வன்தட்டை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்தால், காலி இடமும் எழுதப்பட்டதாகவே பதிவாகிவிடும். முதல் வேலையாக ஒருமுறை முழுத் துறப்பு செய்க. லினக்ஸில் சூடோ எஃப்எஸ்டிரிம் -ஏவி என்ற ஆணை. விண்டோஸில் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ சாளரத்தில் எஸ்எஸ்டியைத் தேர்ந்து ‘ஆப்டிமைஸ்’ பொத்தான். பிறகு லினக்ஸில் எஃப்எஸ்டிரிம்.டைமர் இயங்கினால் வாரம் ஒருமுறை தானாக நடக்கும்.”

“லக்ஸ் (லினக்ஸின் வட்டு மறையாக்க முறை) துறப்பைத் தானாகக் கடத்தாது. காலி இடம் எது என்று வெளியே தெரிந்துவிடும் என்பதால் இந்தத் தடை. அது பரவாயில்லை என்பவர்கள் அதன் அமைப்புகள் இருக்கும் கிரிப்ட்டேப் கோப்பில் டிஸ்கார்டு என்று சேர்க்கவும்.”

எஸ்எஸ்டியை வெளியிலிருந்து இணைக்கும் யூஎஸ்பி பெட்டிகளுக்குத் தனிப் பத்தி வேண்டும். பல பெட்டிகளின் சில்லு ஆணையை எஸ்எஸ்டி வரை கொண்டுபோவதில்லை. லினக்ஸில் எல்எஸ்பிஎல்கே --டிஸ்கார்டு என்ற ஆணையை இட்டால் டிஸ்க்-கிரான், டிஸ்க்-மேக்ஸ் என்ற இரண்டு நெடுவரிசைகளிலும் 0 வரும். அப்போது அந்த இயக்ககத்தை மட்டும் குறித்து எஃப்எஸ்டிரிம் இட்டால் பிழைச்செய்தி தந்து நின்றுவிடும்; -ஏவி என்று இட்டால் அதைச் சொல்லாமலே தாண்டிப் போய்விடும்.

ஓர் எச்சரிக்கையையும் தடித்த எழுத்தில் போடுவோம்: துறந்த பக்கத்தைப் பெரும்பாலான எஸ்எஸ்டிகள் வெறும் சுழியாகவே திருப்பித் தரும், மீட்பு மென்பொருள் உதவாது. தவறுதலாகக் கோப்பை நீக்கியவர் முதலில் அந்த வாராந்தர டைமரை நிறுத்த வேண்டும். டிஸ்கார்டு விருப்பத்தோடு (நீக்கியவுடனே துறக்கும்படி) ஏற்றிய கோப்பு முறைமை என்றால் அதற்கும் நேரம் இருக்காது.