மேக்கில் கிட் ஸ்டேட்டஸ் தமிழ்ப் பெயருள்ள கோப்பை மட்டும் புதிது என்கிறது

வணக்கம். கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) ஏற்கெனவே கமிட் ஆன, அதாவது பதிவான, ‘சொற்கள்’ என்ற கோப்பு, மேக்கில் குளோன் (நகல்) செய்த உடனேயே அன்ட்ராக்டு (கிட் கண்காணிக்காத கோப்புகள்) பட்டியலில் வருகிறது. டெலீட்டட் என்று எதுவும் இல்லை, டிஃபும் காலி. லினக்ஸில் அதே கமிட்டில் ஸ்டேட்டஸ் சுத்தம்.

மேக்கில் கிட் 2.43, ஏபிஎஃப்எஸ் (ஆப்பிளின் கோப்பு முறைமை) வட்டு. ஒ, ஓ, ஔ உயிர்மெய் உள்ள 37 பெயர்களுக்கு மட்டுமே இந்தச் சிக்கல். ‘படம்’, ‘கதை’ போன்றவை சரியாக இருக்கின்றன.

கோர்.கோட்பாத்தை (தமிழ் போன்ற எழுத்துகளை எண்குறிகளாகக் காட்டும் கிட் அமைப்பு) ஃபால்ஸ் ஆக்கினால் இரண்டு பெயரும் கண்ணுக்கு ஒன்றுதான். ட்ரூவில் வைத்தால் வேறுபாடு தெரிகிறது: ஸ்டேட்டஸ் காட்டும் ‘ொ’ \340\257\212, அதாவது ஒரே குறி. எல்எஸ்-ஃபைல்ஸில் (இண்டெக்ஸ் என்ற கிட்டின் கோப்புப் பட்டியலைக் காட்டும் கட்டளை) அதுவே \340\257\206\340\256\276, கொம்பும் காலும் தனித்தனி. லினக்ஸில் பிரிந்த வடிவத்திலேயே கமிட் ஆகியிருக்கிறது.

ரெஸ்டோர், ரீசெட் ஹார்டு, மறு குளோன் எதிலும் பலனில்லை. ஆட் கொடுத்தால் இண்டெக்ஸில் இரண்டு பதிவு, லினக்ஸில் இரண்டு கோப்பு. கிளீன் (அன்ட்ராக்டு கோப்புகளை அழிக்கும் கட்டளை) மட்டும் கொடுக்காதீர்கள்: வட்டில் இருப்பது ஒரே கோப்பு, அதுவே அழிந்துவிடும். கோர்.பிரீகம்போஸ்யூனிகோடை (மேக்கில் பிரிந்த பெயர்களைச் சேர்ந்த வடிவமாக மாற்றிப் படிக்கும் கிட் அமைப்பு) ஃபால்ஸ் ஆக்கினால் அந்த வரிகள் மறைகின்றன, ஆனால் அதை ஒவ்வொருவர் கணினியிலும் செய்ய வேண்டும். அது தீர்வாகப் படவில்லை.

லினக்ஸில் கிட் எம்வி கொண்டு 37 பெயர்களையும் ஒரே கமிட்டில் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றினால், மேக்கில் புல் செய்பவர்களுக்கும் இன்னும் மெர்ஜ் ஆகாத கிளைகளுக்கும் சிக்கல் வராமல் இருக்க எந்த வரிசையில் செய்ய வேண்டும்?