டேப்லெட்டில் ஓயாத ‘வைரஸ்’ அறிவிப்பு: நிறுத்துவது எப்படி? பிள்ளைகளோடு சேர்ந்து விளையாட நல்ல தளங்களும் சொல்லுங்களேன்

மழலைமொழி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட். ஆறு வயசு மகளும் பதினொரு வயசு மகனும் மாத்தி மாத்திப் பயன்படுத்துறாங்க. ஏதோ ஓர் இலவச விளையாட்டுத் தளத்துக்குப் போய் வந்ததிலிருந்து, “உங்கள் கருவியில் வைரஸ் உள்ளது, உடனே சுத்தம் செய்யவும்” என்று திரையின் மேலிருந்து அறிவிப்பு வந்து விழுந்துகிட்டே இருக்கு. பிரவுசரை மூடினாலும் நிக்கலை. பிளே ஸ்டோரிலிருந்து வைரஸ் தேடும் ஆப் ஒண்ணு போட்டுப் பார்த்தாச்சு. எதுவும் இல்லைன்னு சொல்லுது. நேத்து வந்த அறிவிப்பில் இருந்த படம் சின்னவள் கண்ணில் படக்கூடாத படம். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

டேப்லெட்டையே பிடுங்கி வைக்க விருப்பமில்லை. சனி, ஞாயிறுகளில் நாங்க நாலு பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஏதாவது பண்ணணும்னு ஆசை. அதனால் இந்தத் தொல்லையை நிறுத்தும் வழியும் வேணும், நம்பி உட்காரக்கூடிய தளங்களும் வேணும்.

கம்பியில்லாக்_காவல்:
பதறாதீங்க. நீங்க சொல்றதை வெச்சுப் பார்த்தா இது பெரும்பாலும் வைரஸே இல்லை. அடுத்த அறிவிப்பு வரும்போது அதைத் தட்டாதீங்க, தள்ளியும் விடாதீங்க. விரலை அதன் மேல் அழுத்திப் பிடிங்க. எந்த ஆப் அனுப்பியது என்று பெயர் தெரியும். ‘குரோம்’ என்றும், கூடவே ஒரு தளத்தின் முகவரியும் தெரிந்தால் விஷயம் எளிது. வேறு ஏதாவது ஆப்பின் பெயர் தெரிந்தால் வந்து சொல்லுங்க, அதுக்கு வழி வேற.

மழலைமொழி:
குரோம்தான் காட்டுது. பக்கத்தில் வாயில் நுழையாத ஒரு முகவரி. நாங்க கேள்விப்பட்டதே இல்லை.

கம்பியில்லாக்_காவல்:
அப்போ நடந்தது இதுதான். இந்த மாதிரித் தளங்கள் உள்ளே நுழைந்ததும் “விளையாட்டைத் தொடங்க அனுமதி என்பதை அழுத்தவும்” என்று ஒரு பெட்டி காட்டும். பிள்ளைகள் விளையாடும் அவசரத்தில் அழுத்திடுவாங்க. அவங்க கொடுத்த அனுமதி விளையாட்டுக்கு இல்லை, அறிவிப்பு அனுப்புவதற்கு. அதனால்தான் பிரவுசரை மூடினாலும் வருது, வைரஸ் தேடும் ஆப்புக்கும் எதுவும் சிக்கலை. கருவிக்குள் எந்தக் கெட்ட நிரலும் இல்லை, ஓர் அனுமதி மட்டும்தான் இருக்கு.

குரோமில் மூன்று புள்ளி, அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போங்க. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத ஒவ்வொன்றையும் தட்டித் தடை செய்யுங்க. பிள்ளைகள் கையில் போகும் கருவி என்பதால் அதே பக்கத்தின் மேலே இருக்கும் சுவிட்சையே அணைத்துடுங்க. இனி எந்தத் தளமும் அனுமதி கேட்கவே கேட்காது.

பிறகு ஒரு தடவை பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தட்டி, பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்புச் சோதனையை ஓட்டிப் பாருங்க. அந்த அறிவிப்பைத் தட்டி, அது கொண்டுபோன பக்கத்திலிருந்து பிள்ளைகள் ஏதாவது ஆப் இறக்கினாங்களா என்றும் கேளுங்க. இறக்கியிருந்தால் அதைத்தான் முதலில் நீக்கணும்.

ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு இதே தொல்லை சில சமயம் காலண்டர் வழியா வரும். தெரியாத காலண்டருக்குச் சந்தா சேர்ந்திருக்கும். அந்தச் சந்தாவை நீக்கினால் போதும்.

மழலைமொழி:
நின்னுடுச்சு! பட்டியலில் எத்தனை தளங்கள் இருந்ததுன்னு பார்த்து அசந்து போயிட்டேன். எல்லாத்தையும் தடை செய்து சுவிட்சையும் அணைச்சாச்சு. வெளியிலிருந்து எந்த ஆப்பும் இறங்கலை. ரொம்ப நன்றிங்க.

இனி இப்படிப்பட்ட தளங்களுக்கே போகாமல் தடுக்க வழி இருக்கா?

இரவுநேர_வைஃபை:
ஓரளவு இருக்கு. கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2020 ஏப்ரல் 1 அன்று குடும்பங்களுக்கென்றே ஒரு டிஎன்எஸ் சேவை தொடங்கியது. டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை வைத்து அதன் எண் முகவரியைத் தேடித் தரும் அமைப்பு. இலவசம், பதிவும் வேண்டாம். உங்கள் ரவுட்டரின் டிஎன்எஸ் பகுதியில் 1.1.1.3 என்றும், இரண்டாவது கட்டத்தில் 1.0.0.3 என்றும் போடுங்க. தீங்கான நிரல் பரப்பும் தளங்களும் ஆபாசத் தளங்களும் வீட்டு வைஃபையில் திறக்காது. 1.1.1.2 என்றும் ஒன்று இருக்கு. அது தீங்கு நிரலை மட்டும்தான் தடுக்கும், எண்ணை மாத்திப் போட்டுடாதீங்க.

கிளீன்பிரவுசிங் என்ற சேவையின் குடும்ப வடிகட்டி இன்னும் கறார். தேடுபொறியின் பாதுகாப்புத் தேடலையும் யூடியூபின் கட்டுப்பாட்டு முறையையும் அதுவே கட்டாயமாக்கிவிடும். பெரியவர்களுக்கு அது கொஞ்சம் எரிச்சலாக இருக்கலாம்.

மழலைமொழி:
ரவுட்டரின் கடவுச்சொல் இப்போ கையில் இல்லை. டேப்லெட்டிலேயே ‘தனிப்பட்ட டிஎன்எஸ்’ என்று ஒரு இடம் இருக்கே, அங்கே 1.1.1.3 போட்டேன். சேமிக்கவே விட மாட்டேங்குது.

இரவுநேர_வைஃபை:
அந்த இடம் எண்ணை ஏற்காது, பெயரைத்தான் ஏற்கும். ஆங்கிலச் சிற்றெழுத்தில் ‘ஃபேமிலி’, ஒரு புள்ளி, ‘கிளவுட்ஃப்ளேர்’, நடுவே ஒரு சிறு கோடு, ‘டிஎன்எஸ்’, ஒரு புள்ளி, ‘காம்’. இடைவெளி எங்கேயும் கூடாது. ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி இருக்கு. ரவுட்டரில் போடுவதை விட இதில் ஒரு லாபமும் உண்டு: கருவி எந்த வைஃபையில் சேர்ந்தாலும், மொபைல் டேட்டாவில் போனாலும் தடை கூடவே வரும்.

இது செய்யாததையும் சொல்லிடறேன். டிஎன்எஸ்ஸுக்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும்தான். யூடியூபுக்குள் எந்தக் காணொளி ஓடுது, விளையாட்டுக்குள் யார் என்ன பேசறாங்க என்பது அதுக்குத் தெரியாது. விளம்பரத்தையும் தடுக்காது. இணையப் போக்குவரத்தை வேறு வழியாக மறைத்து அனுப்பும் விபிஎன் ஆப் ஒன்று போட்டால் இதைத் தாண்டிப் போயிடலாம்.

நூலகத்_தோழி:
ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கெட்டதை ஒவ்வொன்றாகத் தடுத்துக்கொண்டே போனால் முடிவே இருக்காது. ஆறு வயசுக்குத் தலைகீழாகச் செய்யுங்கள்: நீங்கள் தேர்ந்தெடுத்தது மட்டும் திறக்கட்டும். யூடியூப் கிட்ஸில் ‘அங்கீகரித்தவை மட்டும்’ என்று ஒரு முறை இருக்கிறது. நீங்கள் கையால் சேர்த்த காணொளிகளும் சேனல்களும்தான் தெரியும், தேடவும் முடியாது. ஐபேடில் திரைநேர அமைப்புக்குள் ‘அனுமதித்த தளங்கள் மட்டும்’ என்று வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க் என்ற கூகுளின் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப் மூலம் மகளுக்கெனத் தனிக் கணக்கு தொடங்கினால், உங்கள் ஒப்புதல் இல்லாமல் எந்த ஆப்பும் இறங்காதபடி வைக்கலாம்.

சேர்ந்து விளையாடும் இடங்களைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது மூன்றே விஷயம். விளம்பரம் இருக்கிறதா? பெயர், மின்னஞ்சல் கேட்கிறதா? முன்பின் தெரியாதவர் பேச முடியுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று பதில் வருகிற இடங்கள் இணையத்தில் நிறையவே இருக்கின்றன. அவற்றுக்கு விளம்பரம் செய்ய ஆளில்லாததால் நம் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

குரோம் மியூசிக் லேப் என்ற இசைத் தளத்திலிருந்து தொடங்குங்கள். அதில் காண்டின்ஸ்கி என்ற பகுதியில் சின்னவள் கிறுக்கும் கோடெல்லாம் இசையாகும். சாங் மேக்கரில் நால்வரும் ஆளுக்கு ஒரு வரி போட்டு ஒரு பாட்டே கட்டலாம். கணக்கு வேண்டாம், இணைப்பைச் சேமித்தால் போதும். படம் வரையும் டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். கணினியில் நிறுவிய பிறகு இணையமே தேவையில்லை. ஜிகாம்ப்ரியில் சிறு பிள்ளைகளுக்கான விளையாட்டுகள் நூற்றுக்கும் மேல். படுக்கப்போகும் முன் வாசிக்க ஸ்டோரிவீவர்: பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய தளம், தமிழில் படக்கதைகள் ஏராளம். ஒரே கதையை இரண்டு மொழிகளில் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்று வாசித்துப் பாருங்கள்.

விண்மீன்_பிரியன்:
மகனுக்குப் பதினொரு வயசு என்றால் ஸூனிவர்ஸைக் கட்டாயம் காட்டுங்கள். விஞ்ஞானிகள் திரட்டிய உண்மையான படங்களைப் பொதுமக்கள் வகைபிரிக்கும் இடம் அது. 2007இல் கேலக்ஸி ஸூ என்ற திட்டமாகத் தொடங்கியது. அந்த ஆண்டே நெதர்லாந்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை ஹன்னி வான் ஆர்கெல், ஒரு படத்தில் யாரும் விளக்காத ஒரு விசித்திரத் திட்டைக் கண்டு “இது என்ன?” என்று கேட்டார். வானியலாளர்களுக்கே தெரியவில்லை! இன்றும் அந்த வாயுத்திரளுக்கு அவர் பெயர்தான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். ஒவ்வொரு படத்தையும் உற்று உற்றுப் பார்ப்பார்கள். பல திட்டங்களில் பதிவு செய்யாமலே பங்கெடுக்கலாம்.

இரவில் ஸ்டெல்லேரியம். உங்கள் வானத்தில் இந்த நிமிஷம் எந்தக் கோள் எங்கே என்று காட்டும். திரையில் பார்த்ததை உடனே வெளியே போய்த் தேடலாம். பகலில் வெளியே போகும்போது சீக் ஆப். செடி, பூச்சி மேல் கேமராவைக் காட்டினால் பெயர் சொல்லும், கணக்கு கேட்காது.

சதுரங்கம் பிடிக்கும் என்றால் லிசெஸ். விளம்பரமே கிடையாது, முழுக்க இலவசம். கணக்கு அமைப்பில் ‘கிட் மோடு’ இருக்கிறது. அதைப் போட்டால் அரட்டையும் செய்திகளும் மறைந்து பலகை மட்டும் நிற்கும். எல்லா விளையாட்டுத் தளத்திலும் இப்படி ஒரு பொத்தான் இருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமே உண்டு.

மழலைமொழி:
இது போதும், மாசக்கணக்கில் ஓட்டலாம்! ஆனா அரட்டைன்னு நீங்க சொன்னதும் இன்னொண்ணு கேட்கத் தோணுது. மகன் ஓர் ஆன்லைன் விளையாட்டில் ‘நண்பன்’ ஒருத்தனோட பேசறான். விளையாட்டு நாணயம் பரிசா அனுப்பியிருக்கான் போல. இப்போ “இங்கே வேண்டாம், வேற ஆப்புக்கு வா, அங்கே பேசலாம்”னு கூப்பிடறானாம். பேச்சுவாக்கில் மகனே சொன்னான். இதைப் பெரிசா எடுத்துக்கணுமா, சும்மா விட்டுடலாமா?

வழித்துணை:
பெரிசாகத்தான் எடுத்துக்கணும், ஆனால் மகன் முன்னால் பதற்றத்தைக் காட்டாதீங்க. நான் பிள்ளைகளுக்கான ஆலோசகராக வேலை செய்கிறேன். பரிசு கொடுப்பது, பிறகு கண்காணிப்பு குறைந்த இடத்துக்கு அழைப்பது, “வீட்டில் சொல்லாதே” என்பது, “பக்கத்தில் யாராவது இருக்காங்களா?” என்று கேட்பது, கடைசியில் படம் கேட்பது. தவறான நோக்கத்தோடு பிள்ளைகளை நெருங்குபவர்களிடம் இந்த வரிசை திரும்பத் திரும்ப வரும். அவன் உண்மையிலேயே இன்னொரு பதினொரு வயசுப் பையனாகவும் இருக்கலாம். அதை இங்கிருந்து நம்மால் உறுதி செய்ய முடியாது, அதனால் தவறான நோக்கம் உள்ளவன் என்று வைத்துக்கொண்டே நடக்கணும்.

மகன் தானாகச் சொன்னான் பாருங்க, அதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய பலம். “நீ சொன்னது ரொம்ப நல்லது” என்று முதலில் சொல்லுங்க. டேப்லெட்டைப் பிடுங்கினால், சொன்னதுக்குத் தண்டனை என்றுதான் அவனுக்குப் புரியும், அடுத்த தடவை வாயே திறக்க மாட்டான். அப்புறம் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரட்டையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. தடை செய்தால் சில இடங்களில் உரையாடல் மறைந்துவிடும், அதனால் படம் முதலில், தடை பிறகு. விளையாட்டுக்குள்ளேயே புகாரும் கொடுங்க. பிறகு அரட்டையை நேரில் தெரிந்த நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்க, முடிந்தால் அணைத்தே வைங்க.

ஏதாவது படம் அனுப்பினானா என்று மிரட்டாமல் கேளுங்க. அப்படி ஏதாவது நடந்திருந்தால் உங்கள் நாட்டுக் காவல்துறையிடமோ குழந்தைகள் உதவி எண்ணிலோ உடனே சொல்லணும். 18 வயசுக்கு உட்பட்டவர்களின் அந்தரங்கப் படங்களுக்கென ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவையும் இருக்கு. அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது. அதன் எண்-கைரேகை, அதாவது படத்தை அடையாளம் காட்டும் ஒரு குறியீடு, மட்டும்தான் போகும். அதை வைத்து, சேர்ந்திருக்கும் தளங்கள் அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

மழலைமொழி:
பேசினோம். படம் எதுவும் அனுப்பலை, முகவரியும் சொல்லலை. “அம்மா திட்டுவேன்னு நினைச்சேன்”னு சொன்னான். உட்கார்ந்து ரெண்டு பேருமாத் தடை பண்ணினோம், புகாரும் கொடுத்தாச்சு. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை.

இப்போ அவன் கேட்கிறது: கூடப் படிக்கிறவங்க எல்லாம் பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டு இன்ஸ்டாகிராமில் இருக்காங்களாம். தானும் சேரட்டுமான்னு கேட்கிறான்.

வழித்துணை:
வேண்டாம், காரணத்தோடு சொல்லுங்க. 13 என்ற வயது வரம்பு, 13 வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் அனுமதியில்லாமல் திரட்டக் கூடாது என்ற 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை ஒட்டி வந்தது. அதை விட முக்கியம்: இன்று 18 என்று போட்டால், அவனுக்கு நிஜமாக 14 ஆகும்போது தளத்தின் கணக்கில் 21 ஆகியிருக்கும். பதின்ம வயதினருக்காக இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் கொண்டுவந்த கணக்குமுறை, தெரியாதவர் செய்தி அனுப்புவதை இயல்பாகவே கட்டுப்படுத்துகிறது. பொய் வயது போட்டவனுக்கு அந்த வேலி வேலை செய்யாமலே போகலாம்.

நூலகத்_தோழி:
அவன் வயசுக்கு ஸ்க்ராட்ச் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கும் இடம் அது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்தது, விளையாட்டை அவனே எழுதலாம். அங்கேயும் மற்றவர்கள் கருத்திடும் சமூகப் பகுதி உண்டு. இப்போதைக்கு இணையமில்லாமல் ஓடும் பதிப்பை நிறுவுங்கள். அவன் செய்த விளையாட்டை முதலில் தங்கை விளையாடட்டும்.

மழலைமொழி:
இன்னிக்கே நிறுவறேன். லிசெஸில் கிட் மோடு போட்டுட்டேன். என் கணவரோட போனில் திறந்தாலும் அது இருக்குமா?

விண்மீன்_பிரியன்:
அதே கணக்கில் நுழைந்தால் இருக்கும். அமைப்பு கணக்கோடு சேர்ந்தது, கருவியோடு அல்ல. புதிதாக வேறு கணக்கு தொடங்கினால் மறுபடி போடணும்.