புதுப்பிப்பு: நூலகம் திறந்தாயிற்று, நூலகர் இன்னும் வரவில்லை

பாளையங்கோட்டைக்கு அருகே நான் படித்த அரசு உதவிபெறும் பள்ளியில், நூலகர் ஓய்வு பெற்றபின் பணியிடம் நிரப்பப்படாமல், நூலக அறை விடைத்தாள் கட்டுகள் அடுக்கும் இடமாகிவிட்டதைச் சென்ற மாதம் எழுதியிருந்தேன்.

பழைய மாணவர்கள் நால்வர் நிர்வாகத்தைச் சந்தித்தோம். இதுவரை தாங்களே கொடுத்துவந்த சம்பளத்துக்கு இனி நிதியில்லை என்றார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நூலக மானியத்தைக் கேட்கலாமே என்று சென்ற பதிவில் சிலர் எழுதியிருந்தீர்கள். ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரையிலான அந்த மானியம் அரசுப் பள்ளிகளுக்கு உரியது. அதுவும் புத்தகங்களுக்குத்தானே தவிர, ஆள் வைப்பதற்கு அன்று. சொத்து வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியோ, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொது நூலகங்களுக்கே போகிறது.

இப்போதைக்குத் தமிழாசிரியை ஒருவர் செவ்வாயும் வியாழனும் மதிய இடைவேளையில் அறையைத் திறந்து வைக்கிறார். கீழ்த்தட்டுப் புத்தகங்களில் கரையான் ஏறியிருந்தது. பதிவேட்டோடு ஒப்பிட்டு எஞ்சியவற்றை அடுக்கவே எங்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன. இதை வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறாம் வகுப்பில் வாசிக்கவே தடுமாறிய என்னிடம், படம் நிறைந்த மெல்லிய புத்தகம் ஒன்றைத் தேடியெடுத்து, யாருக்கும் கேட்காதபடி நீட்டிய அந்த நூலகரின் வேலையை, வகுப்புகளுக்கிடையே ஓடிவந்து சாவி திருப்பும் ஆசிரியையிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

பணியிடத்தை நிரப்பக் கோரும் மனுவில் பெற்றோர் கையெழுத்திட்டு வருகிறார்கள். அடுத்த வாரம் நிர்வாகக் குழுவிடம் கொடுக்கிறோம்.