மறு: ஹைட்ரேஷன் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

திரையில் தெரியும் இணையப் பக்கத்தைத் தொடுதலுக்குப் பதில் சொல்ல வைக்கும் வேலையை நிரலர்கள் ‘ஹைட்ரேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் மடல் இழை நீண்டுவிட்டது. நீரேற்றம், உயிரூட்டல், ஊறல், ‘ஹைட்ரேஷன் என்றே இருக்கட்டும்’ என்று இதுவரை நான்கு கட்சி. நான் இன்னொரு சொல்லை முன்வைக்கிறேன்: உயிர்நீர். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு இந்தச் சொல் அன்றாடம் தேவைப்படுகிறது.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாலை வேளையில் இணைய நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுக்காவில் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள். கேரளப் பள்ளிகளுக்காக அரசின் கைட் நிறுவனம் தயாரிக்கும் ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) பாடநூல் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் என நான்கு மொழியிலும் வருகிறது. ஆகவே கணினியைத் தமிழில் படிப்பது இவர்களுக்குப் புதிதில்லை. பள்ளி முடிந்ததும் அந்தத் தொடர்பு அறுந்துவிடுகிறது. அப்புறம் கோயம்புத்தூரிலோ கொச்சியிலோ நேர்முகத் தேர்வுக்குப் போனால், ‘ஹைட்ரேஷன் மிஸ்மேட்ச் ஏன் வருகிறது?’ என்று கேட்கிறார்கள். மனப்பாடம் செய்த இரண்டு வரியைச் சொல்லிவிட்டு, அடுத்த கேள்வியில் நின்றுவிடுகிறார்கள். புத்தி குறைவு இல்லை. பொருள் மனதில் பதியாமல் ஒலி மட்டும் பதிந்திருக்கிறது.

முதலில் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். வழங்கியில் (சர்வரில்) ரியாக்ட் போன்ற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலகம் ஓடி, பக்கத்தை முழு எச்டிஎம்எல்லாக ஆக்கி அனுப்புகிறது. உலாவி அதை உடனே திரையில் காட்டிவிடுகிறது. தலைப்பு, படம், விலை, ‘கூடையில் சேர்’ பொத்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பொத்தானைத் தொட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். இறங்கி முடிந்ததும் அதே நிரல் உலாவிக்குள் இரண்டாம் முறை ஓடுகிறது. தான் கட்ட நினைக்கும் மரத்தை, அதாவது பக்க உறுப்புகளின் கிளை அமைப்பை, திரையில் ஏற்கெனவே நிற்கும் மரத்தோடு பொருத்திப் பார்க்கிறது, தொட்டால் என்ன செய்வது என்று சொல்லும் நிகழ்வுக் கையாளிகளைப் பொத்தான்களுக்குச் சேர்க்கிறது, பக்கத்தின் நிலையை நினைவில் ஏற்றுகிறது. இந்த இரண்டாம் ஓட்டத்துக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம். இது புதிதாக எதையும் நடுவதில்லை. நட்டதை வேர்பிடிக்க வைக்கிறது.

ரியாக்டில் இதற்கென்று தனிச் செயற்கூறு வந்தது 2017 செப்டம்பரில், 16ஆம் பதிப்பில். அதற்கு முன்பு வரைவதற்கும் இதற்கும் ஒரே கட்டளைதான். 2022 மார்ச்சில் வந்த 18ஆம் பதிப்பு, பக்கத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பயனர் தொட்ட துண்டுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், நாம் ஆக்கும் சொல் தனியாக நிற்கப் போவதில்லை. பகுதி, படிப்படி, தேர்ந்த என்று முன்னொட்டுகள் எல்லாம் அதன்மேல் ஏறும். தாங்குகிற சொல்லாக வேண்டும்.

இனி வந்திருக்கும் பரிந்துரைகள்.

> நீரேற்றம் ஏற்கெனவே பாடநூலில் உள்ளது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

உள்ளதுதான், வேதியியலில். மூலக்கூறோடு நீர் சேர்வது அங்கே நீரேற்றம். எங்கள் பக்கம் நீரேற்று நிலையம் என்றால் மோட்டார் வைத்துத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றும் இடம். இரண்டுமே உலாவியில் நடப்பதைக் காட்டவில்லை. ஆங்கிலச் சொல்லின் வேரை மட்டும் பெயர்த்தால் இப்படித்தான் ஆகும்.

உயிரூட்டல் அழகான சொல். திருத்தணியிலிருந்து அக்கா அதற்காக எழுதிய மடலை இரண்டு முறை படித்தேன். ஆனால் அனிமேஷனைப் பலர் உயிரூட்டம் என்று எழுதுகிறார்கள், இணையப் பக்கம் செய்கிறவருக்கு அனிமேஷனும் அன்றாட வேலை. ஒரே பாடத்தில் இரண்டும் வந்தால் பிள்ளை எதைப் பிடிக்கும்? அந்த ஒரு காரணம் இல்லையென்றால் அக்கா பக்கம்தான் நின்றிருப்பேன்.

ஊறல் என்ற பரிந்துரைக்குப் பின்னால் நல்ல யோசனை இருக்கிறது. தரவைக் கையாளும் டான்ஸ்டாக் குவெரி என்ற நிரலகத்தில் தரவை வழங்கியில் ‘டிஹைட்ரேட்’ செய்து அனுப்பி உலாவியில் ‘ஹைட்ரேட்’ செய்கிறார்களே, அந்த இணையை மனதில் வைத்து எழுதியிருக்கிறார் குமுளி ஐயா. ஆனால் அது நிலைத்தரவை, அதாவது பக்கத்தின் நிலையைக் குறிக்கும் தரவை, மட்டும் பற்றியது. தரவுத்தளத்திலிருந்து எடுத்த வரிசைகளைப் பொருள்களில் நிரப்புவதையும் நிரலர்கள் ஹைட்ரேஷன் என்றே சொல்வார்கள். அதுவும் வேறு. அந்த இரண்டுக்கும் ‘தரவு நிரப்பல்’ போதும். பக்கம் தொடுதலுக்குப் பதில் சொல்லத் தொடங்குவது தனி நிகழ்வு, அதற்குத் தனிப் பெயர் வேண்டும். போதாக்குறைக்கு, இந்த எல்லையில் ஊறல் என்றால் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சாராய வழக்கு.

சரி, உயிர்நீருக்கு வருகிறேன். நாற்று நட்ட வயலிலும் விதைத்த காட்டிலும் முதல் தண்ணீர் விட்டபின், மூன்றாம் நாள் வாக்கில் ஒரு தண்ணீர் விடுவார்கள். அதற்கு உயிர்த்தண்ணீர் என்று பெயர். வேளாண் கையேடுகள் உயிர்த்தண்ணீர் என்றும் உயிர்நீர் என்றும் இரண்டு விதமாகவும் எழுதுகின்றன. பயிர் ஏற்கெனவே மண்ணில் நிற்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வயல் பச்சைதான். ஆனால் இன்னும் பிடிக்கவில்லை. அந்தத் தண்ணீர் விட்ட பிறகுதான் அது இந்த மண்ணின் பயிர். எச்டிஎம்எல் திரையில் நிற்பதும், ஜாவாஸ்கிரிப்ட் வந்து அதைப் பிடிக்க வைப்பதும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. ஆங்கிலச் சொல்லில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது. நம் சொல்லில் எப்போது, எதற்கு என்ற இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ஆளியாற்றுத் தண்ணீர் மூலத்தறைக்கு எப்போது வரும் என்று பார்த்து விவசாயம் செய்யும் ஊர் இது. இங்கே இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து ஒருவர், நகரத்துப் பிள்ளைக்கு இது தெரியாதே என்று கேட்கக்கூடும். உயிர் தெரியும், நீர் தெரியும், மிச்சத்தை ஆசிரியர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். ஹைட்ரேஷன் என்ற சொல்லை முதலில் கேட்ட ஆங்கிலக்காரருக்கும் யாரோ ஒருவர் விளக்கித்தான் ஆகவேண்டியிருந்தது.

ஹைட்ரேஷன் என்றே விடலாம் என்பவர்களுக்கு: நிரலில் அந்தப் பெயர் அப்படியேதான் இருக்கும், நேர்முகத்திலும் அதையேதான் சொல்லப்போகிறார்கள். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொள்வதில் என்ன நட்டம்? இன்று இது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். 2025ஆம் ஆண்டு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கணக்கெடுப்பில் 84 விழுக்காட்டினர் ஏஐ கருவிகளைப் பயன்படுத்துவதாகவோ பயன்படுத்தப் போவதாகவோ சொன்னார்கள். அதே கணக்கெடுப்பில் 46 விழுக்காட்டினர் அவற்றின் துல்லியத்தை நம்பவில்லை என்றார்கள். பொத்தான் வரைகிற நிரலைக் கருவி எழுதிவிடும். பொத்தான் தெரிகிறது, தொட்டால் வேலை செய்யவில்லை என்று வாடிக்கையாளர் கூப்பிடும்போது, கோளாறு முதல் ஓட்டத்திலா இரண்டாம் ஓட்டத்திலா என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் வேலை நிலைக்கும். 2024 மார்ச்சில் கூகுள், இணையப் பக்கத்தின் தரத்தை அளக்கும் தன் கோர் வெப் வைட்டல்ஸ் அளவுகோலில், பக்கம் பதில் சொல்லும் வேகத்தைக் காட்டும் ஐஎன்பியைச் சேர்த்தது. தொடுதலுக்கு 200 மில்லிநொடிக்குள் பதில் வந்தால் நல்லது என்று அது கணக்கிடுகிறது. உயிர்நீர் விடும் நேரத்தில் உலாவியின் முதன்மை இழை (நிரலை வரிசையாக ஓட்டும் பகுதி) முழுக்க அதிலேயே மாட்டிக்கொண்டால் இந்த அளவு கெட்டுப்போகும். தீவு முறை என்று ஜேசன் மில்லர் 2020இல் எழுதியது பரவியதற்கும், ஆஸ்ட்ரோ போன்ற நிரல் சட்டகங்கள் அதைக் கையில் எடுத்ததற்கும் இதுதான் காரணம்: பக்கம் முழுவதற்கும் விடாமல், தேவையான பாத்திக்கு மட்டும் விடுவது.

இனி கூட்டுச் சொற்கள்.

பகுதி உயிர்நீர், படிப்படி உயிர்நீர், தேர்ந்த உயிர்நீர் எல்லாம் இடறாமல் வருகின்றன. வினையாக ‘உயிர்நீர் விடு’.

மிஸ்மேட்சுக்கு உயிர்நீரை இழுக்க வேண்டாம். வழங்கி அனுப்பிய படியும் (பிரதியும்) உலாவி தயாரித்த படியும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். ‘படிமுரண்’ என்கிறேன். வழங்கி பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும், பயனரின் கைப்பேசி ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கும். பக்கத்தில் மணியை அச்சிட்டால் இரண்டு படியிலும் இரண்டு மணி. தற்போக்கு எண் (ரேண்டம் நம்பர்), உலாவியில் மட்டுமே கிடைக்கும் தகவல் என்று படிமுரண் வரும் வழிகள் எல்லாம் இந்த ஒரு சொல்லிலிருந்தே விளங்கிவிடும்.

நிலைத்தரவை உரையாக்கி அனுப்புவதற்குப் ‘பொதி’, பெற்றுக்கொண்டு திறப்பதற்கு ‘அவிழ்’. தொடராக்கம் (சீரியலைசேஷன்) என்ற சொல்லும் இருக்கிறது, ஆனால் அதற்கு இயல்பான எதிர்ச்சொல் இல்லை. அந்த எதிர்ச்சொல் நமக்கு வேண்டும். 2025 டிசம்பரில் ரியாக்டின் வழங்கிப் பக்க வசதியான ரியாக்ட் சர்வர் காம்பொனன்ட்ஸில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டை, வெளியிலிருந்து வந்த தரவை வழங்கி அவிழ்க்கும் இடத்தில்தான் இருந்தது. ஆபத்து அளவு பத்துக்குப் பத்து. எங்கே பொதிகிறோம், எங்கே அவிழ்க்கிறோம் என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அந்தச் செய்தி உடனே புரியும்.

குவிக் என்ற நிரல் சட்டகம் கொண்டுவந்த ரிசூமபிலிட்டிக்கு ஒருவர் ‘மீள்தொடக்கம்’ என்று எழுதியிருந்தார். அதை நான் ஏற்கவில்லை. மீள்தொடக்கம் என்றால் முதலிலிருந்து தொடங்குவது. குவிக் செய்வது அதற்கு நேர் எதிர்: வழங்கி விட்ட இடத்திலிருந்து உலாவி தொடர்கிறது, இரண்டாம் ஓட்டமே கிடையாது. ‘தொடர்ந்தெடுப்பு’ பொருந்தும் என்று தோன்றுகிறது. இதைத் தனி இழையில் பேசுவோம்.

அடுத்த அணிக்கான பாடக்குறிப்பில் கீழ்க்கண்ட வரையறையைப் போடப் போகிறேன். தமிழக அரசின் சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்புவதானாலும் இதிலிருந்தே தொடங்கலாம். மறுப்பு இருந்தால் பொதுவாகச் சொல்லாமல், வரியையே திருத்தி அனுப்புங்கள்.

உயிர்நீர்: வழங்கியிலிருந்து எச்டிஎம்எல்லாக வந்து திரையில் நிற்கும் பக்கத்தோடு, உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் தன் மரத்தைப் பொருத்தி, நிகழ்வுக் கையாளிகளையும் நிலையையும் சேர்த்து, அதைப் பயனருக்குப் பதில் சொல்லும் பக்கமாக ஆக்குதல்.